ரெண்டாவது ரேகை

போடி ஜீப்பு நிறுத்தத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். விரல்களெல்லாம் கறையேறிக் கறுத்திருந்தன. இலவச சிம் தருவதாக ஒருவர், ஜீப்புக்குக் காத்திருந்த எங்கள் ஆதார் எண்ணைக் குறித்துக்கொண்டு ரேகைக் கருவியை நீட்டினார். ஆளுக்கு இரண்டு முறை விரலை வைத்தோம். அந்த அம்மா மட்டும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஆத்தா, ரேஷன் கடையில வைக்கிறீகள்ல?" என்றேன்.

"வைக்கிறேன் அப்பு. அங்கன வச்சா அரிசி வருது. இங்கன ரெண்டு தடவ வைக்கச் சொல்லிட்டு ஒரு சிம்முதான தர்றாரு? இன்னொண்ணு யாருக்கு?"

அந்த ஆள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்.

என் பெயரில் இன்னொரு சிம் யார் கையில் இருக்கிறதோ என்று பயம் வரும்போதெல்லாம், அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கு அன்று ஏன் தோன்றவில்லை என்று வியக்கிறேன்.