கால் தரையில் பட வேண்டும்

எங்கள் அக்காவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவின் பொறுமையைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு பெஞ்சைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நீடாமங்கலம் பக்கம், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அத்தான் சீக்கிரமே போய்விட்டார். பகலெல்லாம் சேற்றில் நின்று மகளை நர்ஸ் படிக்க வைத்தார். அதனாலோ என்னவோ, உட்காருவதன் அருமை அவருக்குத்தான் தெரியும். நான் சிமென்ட் பட்டறை போட்டபின், இறந்தவர்கள் நினைவாக வார்த்த ஒவ்வொரு பெஞ்சிலும் முதலில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வது அக்காவின் வேலை.

“முன் ஓரத்த மழுக்குடா, தொடை மரத்துப்போவுது.”

“செத்தவங்க பேர இப்படிப் புடைப்பா போடாத. முதுகுல குத்துது. பாவம், அவங்களத் திட்டிக்கிட்டே உக்காரணும்.”

சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வேன். ஒன்றை மட்டும் திருத்தவில்லை.

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு குடும்பம் தங்கள் தகப்பனார் நினைவாகப் பெஞ்ச் போடச் சொன்னது. புது ரோடு வரப்போகிறது, மண்ணடித்து உயர்த்துவார்கள் என்று பேச்சு. பெஞ்ச் புதைந்துவிடக் கூடாதே என்று அதன் கால்களை அதிகம் புதைக்காமல் அரையடி உயர்த்தி நட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன். அக்கா குள்ளம். ஏறி உட்கார்ந்தால் இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடும்.

“கால் தரையில படலடா தம்பி. இடுப்பெல்லாம் இழுக்குது.”

“ரோடு வந்தா சரியாயிடும்க்கா.”

இரண்டு வருடம் இதையே சொன்னேன். ரோடு வரவில்லை. ஒரு நாள் காலை பஸ்ஸைப் பார்த்ததும் அவசரமாகக் குதித்து இறங்கியவர், கால் மடங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் ஆகியும் அக்கா எழுந்து நடக்கவில்லை. படுக்கையிலேயே சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“ரோடு வந்துடுச்சாடா?”

கேலியாகக் கேட்டாரா, நினைவு தப்பிக் கேட்டாரா, தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என் காதைவிட்டுப் போகவில்லை. பட்டறையில் எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் அதன் கீழே இரண்டு கால்கள் ஆடுகின்றன.

அந்தப் பெஞ்சை உடைக்கக் கடப்பாரையோடு போனேன். அதில் இன்னொரு வீட்டுப் பெரியவரின் பெயர் இருக்கிறது, கை வரவில்லை. பிறகு அதன் முன்னால் அரையடி உயரத்துக்குத் தளம் போட்டேன். ஒரு காலை நேர வேலை. அவ்வளவுதான் அது. அக்கா இருக்கும்போதே செய்திருக்கலாம்.

“அம்மா பேர அதுல எழுதுங்க மாமா,” என்றாள் அக்கா மகள். எழுதவில்லை. பெயர் குத்தும் என்று சொன்னவர் அவர்தான்.

அன்று அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் கூட இருந்த பெண்களுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பக்கம் வந்தால் கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். கால் தரையில் படுகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள். நான் இன்னும் அதில் உட்காரவில்லை.