கிழக்குக் கம்பம்

வீரையனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பந்து அவன் கைக்குப் போனால் திரும்பி வராது. மூன்று வருடம் வளையத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். "கொடுடா!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். காதில் வாங்கவே மாட்டான்.

கேப்டன் அவனல்ல, மிராசுதார் மகன் வாஞ்சிநாதன். பந்து அவர்கள் வீட்டுடையது, ஆடிய இடமும் அவர்கள் வீட்டு நெற்களம். வேறென்ன தகுதி வேண்டும்? களத்தின் கிழக்குக் கோடியில் பனங்கம்பம் நட்டு வளையம் மாட்டியிருந்தோம். மேற்கே வைக்கோல் போர். ஆக, ஒரே கம்பத்தில்தான் எங்கள் பயிற்சி முழுவதும்.

எழுபத்தொன்றில் தஞ்சாவூரில் போட்டி. அந்த வருடம் கூலி உயர்வு கேட்டு, விவசாயக் கூலிகள் வாழும் வீரையன் தெருவே அறுவடைக்கு இறங்க மறுத்திருந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அடிதடி, போலீஸ் எல்லாம் ஆயிற்று. வாஞ்சிக்கோ கோப்பை மேல் ஆசை. அப்பாவிடம் கெஞ்சி, அந்தத் தெருவிலிருந்து வீரையனையும், எங்கள் அணியின் இன்னொரு ஆளான மருதையனையும் மட்டும் அழைத்து வந்தான்.

சென்னையில் ஏதோ ஆபீஸ் அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். அணியில் சேர்ந்தால் ஆபீஸிலேயே வேலை. அவர் பட்டியலில் வீரையன் பெயர் முதலில் இருந்தது. "இந்த வேலை கெடச்சிட்டா எங்கம்மா சேத்துல எறங்க வேணாம்டா" என்று போகும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னான்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். இனி மேற்குக் கூடையில் போட வேண்டும். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். வீரையனை மூன்று பேர் மறித்தார்கள். அன்றுதான் முதல் முறையாகப் பந்தை என்னிடம் எறிந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழகிய கால் கிழக்கே ஓடியது. அங்கே கம்பத்தடியில் காவலுக்கு நின்ற மருதையனிடம் பந்தைக் கொடுத்து, "போடுடா!" என்றேன். அவனும் எம்பிப் போட்டான். எங்கள் கூடையிலேயே.

எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஒரு புள்ளியில் தோற்றோம். வாஞ்சி பாய்ந்து வந்து மருதையன் சட்டையைப் பிடித்தான்.

"கொடி புடிக்கிற புத்தி போகுமா? வேணும்னே பண்ணியிருக்க. அப்பாகிட்ட சொல்றேன், உங்க குடும்பம் ஊர்ல இருக்குதான்னு பாரு!"

மருதையன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

வீரையன் நடுவில் புகுந்தான். "அவன விடு வாஞ்சி. போடச் சொல்லிக் கத்துனது நான்தான். எனக்குத்தான் பக்கம் மறந்துபோச்சு. அப்பாகிட்ட சொல்றதுன்னா என் பேரச் சொல்லு."

சென்னைக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். "பக்கமே ஞாபகம் இல்லாதவன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று பட்டியலில் அவன் பெயரை அடித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவனிடம் சீறினேன். "ஏன்டா பொய் சொன்ன? எல்லாம் நாசமாப் போச்சே!"

"உன்கிட்ட பந்தக் குடுத்தது நான்தானே" என்றான், அவ்வளவுதான்.

அந்த வருடம் முழுக்க மிராசுதார் வயலில் அவன் குடும்பத்துக்கு வேலை இல்லை. அவன் அம்மா தங்கம்மாள் வேதாரண்யம் உப்பளத்துக்குப் போனாள். மருதையன் குடும்பத்தை யாரும் தொடவில்லை. நான் பிறகு படித்து சர்க்கார் வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன். வீரையன் இன்னும் வயலில்தான் கிடக்கிறான், மடையன்.

டீக்கடையில் யாராவது அந்த ஆட்டத்தைக் கிளறினால், "கத்துனது நான்தான்" என்கிறான் இன்றும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டுகிறேன்.