மதிலை இடக்கைப் பக்கம் வைத்து

நான் ஒருநாளும் பார்க்காத ஓர் ஊர் எனக்கு மனப்பாடம். ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள நார்டன் என்ற ஒல்லாந்துக் கோட்டை நகரம். ஆறு கூர்முனை கொண்ட நட்சத்திர மதில், சுற்றிவர இரட்டை அகழி, நடுவில் பெரிய தேவாலயம். என் அண்ணை அந்த மதிலுக்குள் ஒரு பேக்கரியில் வேலை செய்தார், அங்கேயே குடியிருந்தார், மனைவியையும் அங்கேயே இழந்தார். மறதி தொடங்கியதும், கணவனோ பிள்ளையோ இல்லாத தங்கை நான் அவரை மொன்றியலுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னுடைய சின்ன வீட்டில் அவரும் நானும் இருக்கிறோம். கூடவே நார்டனும் வந்து குடியேறிவிட்டது.

காலையில் சாப்பிட்டாரா என்பது அவருக்கு நினைவில்லை. அந்த ஊரின் சரித்திரம் மட்டும் ஒரு சொல் பிசகாமல் வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. மெட்ரோ மாறி மாறி, கால் கடுக்க வீடு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார்.

"முந்தி அந்த ஊர் கடற்கரையோட இருந்தது, பிள்ளை. சண்டையில அழிஞ்சுபோய்ப் பேந்துதான் உள்ளுக்குத் தள்ளிக் கட்டினவங்கள். ஏன் அவ்வளவு பெரிய மதில் எண்டு சொல்லு பாப்பம்?"

"ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் சேத்து நிலம். நடுவால ஆம்ஸ்டர்டாமுக்குப் போற பாதையை மறிக்க" என்பேன், அடுப்பைப் பார்த்தபடி.

"மறிக்கத்தான்!" என்று கையைத் தட்டுவார்.

ஸ்பானியப் படை உள்ளே வந்து ஊர்ச்சனத்தை வெட்டிப்போட்ட கதை சோறு வேகும்போது. பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், அவர்களை விரட்டியபின் மதிலைப் புதிதாகக் கட்டியதும் சாப்பிடும்போது. மதிலுக்கு வெளியே பீரங்கி எட்டும் தூரத்தில் கல்வீடு கட்டக்கூடாதாம், மரவீடுதானாம். எதிரி வந்தால் கொளுத்திவிட வசதி. தங்கள் பேரரசன் தோற்றுப்போனதை நம்பாமல் கோட்டைக்குள் அடைந்துகிடந்த பிரெஞ்சுப் படையின் கதைக்கு வரும்போது அவருக்குச் சிரிப்பு அடங்காது. நான் அதற்குள் கதிரையிலேயே தூங்கிவிடுவேன்.

எங்கள் ஊரில் ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையும் அவர் கணக்கில் உண்டு. "எங்கட கோட்டைக்கு அஞ்சு மூலை. அவங்கட கோட்டைக்கு ஆறு. ஒரு மூலையைக் களவெடுத்துப்போட்டாங்கள்" என்பார். ஒல்லாந்தர் போகும்போது கோட்டையோடு சில சொற்களையும் எங்களிடம் விட்டுப்போனார்கள்: அலுவலகத்துக்குக் கந்தோர், மேசை இழுப்பறைக்கு லாச்சி, பீன்ஸுக்குப் போஞ்சி. கழிவறைக்குக் கக்கூசு என்பதும் அவர்கள் தந்ததுதான். இப்படியொரு சீதனம் யாருக்குக் கிடைக்கும்? இந்தச் சொற்களைச் சொல்லும்போது தமிழ் பேசுகிறாரா டச்சு பேசுகிறாரா என்று இப்போது அண்ணைக்கே தெரியாது.

எங்கள் பகுதியின் மேற்கு எல்லையில் நீளமாக ஒரு கம்பிவேலி ஓடுகிறது. அதற்கு அப்பால் பணக்காரர் வீடுகள். மற்றப் பக்கங்களில் ரயில்பாதையும் பெருந்தெருவும். யாரை யார் அடைத்துவைத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் வந்த கிழமையே அண்ணை அந்த வேலியைக் கண்டு மலர்ந்துபோனார். "இஞ்சையும் மதில் இருக்குது! மதிலை இடக்கைப் பக்கம் வைச்சு நடந்தால் காணும். வழி தெரியாட்டிலும் வீடு வரும்" என்றார்.

சுற்றுமதில் உள்ள ஊரில் அது சரி. இங்கேயும் கொஞ்சக் காலம் சரியாகத்தான் இருந்தது. வேலியைப் பிடித்துப் போவார், தண்டவாளத்தைப் பிடித்துத் திரும்புவார். என் ஓய்வுநாளில் அந்த நேரம் எனக்குத் தூங்கக் கிடைத்தது. ஆகவே நானும் தடுக்கவில்லை.

போன குளிர்காலக் கடைசியில், ரயில்பாலத்துக்குக் கீழே போகும் இருண்ட பாதையைக் கோட்டைவாசல் என்று நினைத்துவிட்டார். ஊருக்குள் நுழைவதாக எண்ணி ஊரை விட்டு வெளியே போனார். ஜான்-டலோன் சந்தையில், கையுறை இல்லாமல், ஒரு மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்று தேவாலயம் எங்கே என்று டச்சில் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் அவருடைய சட்டைப்பையில் இருந்த என் எண்ணுக்கு அழைத்தார். நான் போய்ச் சேரும்போது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவரை வீட்டில் வைத்திருக்கலாமா, இல்லத்தில் சேர்ப்பதா என்று பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வருவார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இல்லம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மேல்மாடிக்குச் சூப் போய்ச் சேரும்போது ஆறியிருக்கும்; அதை ஊற்றி அனுப்புவது நான்தான். தமிழில் "சாப்பிட்டியளே" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பும் இல்லை. எரிச்சலாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அந்தப் பணியாளர் வருவதற்கு முதல்நாள் அண்ணையை இருத்திப் பழக்கினேன்.

"எந்த ஊர் எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"நார்டன்."

"மொன்றியல் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

"அது மதில் இல்லாத ஊரல்லோ?"

"முந்தி இருந்ததாம். இடிச்சுப்போட்டாங்கள்."

அவர் திகைத்துப்போனார். "அப்ப சனம் எப்பிடி வீட்டை வருவினம்?"

வந்தவள் இளம்பெண், பிரெஞ்சில் மெதுவாகப் பேசினாள். அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்த ஆங்கிலமும் மறந்துபோயிற்று. நீங்களே மொழிபெயர்க்கிறீர்களா என்று கேட்டாள். சரி என்றேன்.

இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். "மொன்றியல்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "தங்கச்சியோட" என்றார். இங்கே இருக்க உங்களுக்கு விருப்பமா என்று கேட்டாள்.

இதற்கு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தே தமிழில் பேசினார்.

"இவள் நல்லாக் களைச்சுப்போனாள், பிள்ளை. வேலையால வந்து கதிரையில இருந்தபடி நித்திரையாப் போயிடுவாள். நான் கதையை நிப்பாட்டினால் முழிச்சு எழும்பிச் சட்டி கழுவப் போயிடுவாள். அதுக்காகத்தான் நிப்பாட்டாமல் கதைக்கிறனான். என்னை வேற எங்கையாவது விடுங்கோ. இவள் படுக்கட்டும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"விருப்பம் என்கிறார்" என்றேன்.

"நிறையச் சொன்னாரே?"

அண்ணை மேசைக்கு மேலால் கையை நீட்டி என் கையைத் தட்டினார்.

"சொல்லன், பிள்ளை" என்றார்.