போன பக்கத்து மிச்சம்

வெள்ளிக்கிழமை காலை அம்மன் சன்னதி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் வீட்டு மாடியில் ஒன்பது வருஷம் குடியிருந்த எஸ்தர் டீச்சரின் தம்பி, திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "அக்கா போயிட்டாங்க" என்றார். நோய் தீர டீச்சர் நெற்றியில் பூசவென்று வாங்கிய கோயில் புற்றுமண் பொட்டலம் என் கையில் இருந்தது. அவர் வேதக்காரர்தான், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் நான் கொடுத்ததை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மனைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

டீச்சரை அறிந்தவர்கள் சங்கரன்கோவிலில் அநேகம். கல்லூரியில் வேதியியல், வரலாறு, வணிகவியல் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். ஒரே பாடத்தை மூன்று வகுப்பிலும் ஒரே மாதிரி நடத்தமாட்டார். "கெமிஸ்ட்ரி பயலுகளுக்கு பாஸிவ் வாய்ஸ் சொல்லியே கொடுக்க வேண்டாம்க்கா. டெஸ்ட் டியூப் உடைக்கப்பட்டதுன்னு தானாவே எழுதிருவான். உடைச்சது யாருலேன்னு கேட்டாத்தான் முழிப்பான்" என்பார். வரலாற்றுப் பிள்ளைகள் வீட்டில் கட்டிக்கிடக்கிற ஆட்டுக்கும் இறந்தகால 'வாஸ்' போடுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மருந்துப் பாட்டிலையும் பழைய பேப்பரையும் எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டது. ஒருநாள் சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். டீச்சர் விடைத்தாள் கட்டோடு சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"காமர்ஸ் பிள்ளைகளுக்கு பிரசண்ட் பெர்ஃபெக்ட் ஏறவே மாட்டேங்குதுக்கா. நடந்து முடிஞ்சதுதானே மேடம், அதுக்கு எதுக்கு 'ஹேவ்'னு கேக்காங்க."

நான் யோசிக்காமல் சொன்னேன்: "வீட்டுக் கணக்கு நோட்டுல போன பக்கத்து மிச்சத்த இந்தப் பக்கத்துல முதல் வரியா எழுதுதேன்லா டீச்சர். வந்தது போன மாசம். ஆனா இப்பவும் கையில இருக்கு. அது மாதிரியா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "இத நீங்களே எங்க வகுப்புல வந்து சொல்லணும்."

"நல்லாருக்கு! எட்டாங்கிளாஸ்காரி காலேஜ்ல போயி நிக்கவா? பிள்ளைக சிரிச்சுத் தள்ளிரும்."

பொங்கல் கழித்துக் கேட்டார். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொன்னேன். கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, பையும் கையுமாக மாடிப்படியில் நின்று கேட்டார்.

"பார்ப்போம் டீச்சர்" என்றேன்.

"பார்ப்போம்னா எந்த டென்ஸ்க்கா?"

"ஃபியூச்சர்" என்றேன். சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மாணவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். டீச்சர் படத்தின் முன்னால், ஆளுக்கு இரண்டு வரி எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். வணிகவியல் படிக்கிற ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அந்த மிச்சத்து அக்கா? மேடம் சொல்லுவாங்க, இது நான் கண்டுபிடிச்சது இல்ல, எங்க கீழ்வீட்டு அக்கா சொன்னதுன்னு. அந்த ஒரு பாடத்துல மட்டும் நாங்க யாரும் தப்பு விடமாட்டோம்க்கா."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் போய் நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பேன்? யார் சிரிப்பார்கள் என்று பயந்தேனோ அந்தப் பிள்ளைகள் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். கேட்ட மனுஷிதான் இல்லை.

நோட்டை வாங்கி ஆங்கிலத்திலேயே எழுதினேன். "எஸ்தர் டீச்சர் ஹேஸ் டாட் மீ." எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பெண் தயங்கினாள்.

"அக்கா, இறந்துபோனவங்களுக்கு 'ஹேஸ்' வராது. வெறும் 'டாட்'தான். மேடமே சொல்லியிருக்காங்க."

அவர் போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவர் பக்கம் முடிந்துவிட்டது. அதிலிருந்து எடுத்தெழுத ஒன்றுமில்லை. தப்பை அப்படியே விட்டால் டீச்சருக்குப் பிடிக்காது. அந்த வரியை அடித்தேன். கீழே, டீச்சருக்குப் பதில் என்னை முதலில் வைத்து எழுதினேன். "ஐ ஹேவ் லேர்ன்ட் ஃப்ரம் எஸ்தர் டீச்சர்."

"இது சரியா மக்கா?"

"சரிதான்க்கா" என்றாள். அவளும் அழுதாள்.

மாடி பூட்டிக்கிடக்கிறது. புற்றுமண் பொட்டலம் பூஜை அறையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு 'ஹேவ்'. நான் இருக்கிறவரைக்கும் அது தப்பாகாது.