பூனைக்கு அனுப்பிய கருவாடு

"பெரிய வேலை ஒண்ணும் இல்லடி. மொதலாளி தோட்டத்துல ஒரு பூனை இருக்கு, அதுக்குச் சாப்பாடு போடணும்" என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். அரபு நாட்டுக்கு டிரைவர் வேலைக்கென்று போனவர். பூனைக்கு ஆள் வைக்கிற அளவுக்குப் பணத்திமிரா என்று எனக்கு எரிச்சல்.

ஆனாலும் பூனை பூனைதானே. காரைக்கால்மேட்டுக்குப் போய் அரை கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன். பக்கத்துத் தெருக்காரர் லீவு முடிந்து அதே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். "இது பூனைக்குங்க. அவருக்கு வேணும்னா கொஞ்சம் எடுத்துக்கச் சொல்லுங்க" என்று கொடுத்தனுப்பினேன்.

பொட்டலம் கிடைத்த அன்று வீடியோ காலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "மறைச்சு என்ன ஆவப்போவுது, பாத்துக்க" என்று போனைத் திருப்பினார். கம்பிக்குப் பின்னால் அது எழுந்து நின்றது. கழுத்தில் சிங்கப் பிடரி, உடம்பில் மங்கலாய்ப் புலிக்கோடு. சிங்கத்துக்கும் பெண்புலிக்கும் கூண்டிலேயே பிறந்ததாம். எங்கள் வீட்டுப் பசுவைவிட நீளம்.

"பூனைன்னு சொன்னீங்களே?"

"மொதலாளி செல்லமா அப்படித்தான் கூப்புடுவாரு."

"உங்க செல்லத்துல தீயை வைக்க" என்று போனை வைத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து, வீடியோவில் பேசிக்கொண்டே இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். சோற்றில் இடது கை வைக்கிற மனுஷன் இல்லை அவர்.

"சோத்தாங்கை எங்க? காட்டுங்க."

கட்டுப் போட்டிருந்தார். நான் அனுப்பிய கருவாட்டை வறுத்துத் தின்றுவிட்டு, அந்த வாசத்தோடு கூண்டுக்குள் கையை விட்டுத் தண்ணீர்த் தொட்டியை இழுத்திருக்கிறார். "நக்குனுச்சு, அவ்வளவுதான். கடிக்கல" என்றார். அதன் நாக்கு அரம் மாதிரியாம். உள்ளங்கைத் தோல் கையோடு இல்லை. பாவி நான் அனுப்பிய கருவாட்டால் வந்த வினை.

அழுது, சண்டை போட்டு, போன மாதம் லீவில் வரவழைத்தேன். புண் ஆறியிருந்தது. உள்ளங்கையில் ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தது. இனிப் போகமாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது. வேறு ஆள் போட்டால் அது இறைச்சியைத் தொடுவதில்லையாம். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

"போவாதீங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"அதுக்கு வேற யாருடி இருக்கா? சிங்கமும் சேத்துக்காது, புலியும் சேத்துக்காது. என் கையைத்தான் தேடுதாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், அந்த மிருகத்தைவிட என்னைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் பீரோவைக் குடைந்துவிட்டு, "பாஸ்போர்ட்டைப் பாத்தியா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.