பக்கத்துக் கொக்கின் கண்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கொக்குப் படம் மாட்டியிருக்கிறது. கறுப்புச் சட்டத்துக்குள் வெள்ளைக் கொக்கு ஒன்று இறக்கையை விரித்தபடி நிற்கிறது. நான் எடுத்த படம். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இப்போது யாராவது அந்தப் பக்கம் திரும்பினாலே ஃபேன் வேகத்தைக் கூட்டுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன்.

என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். என்னைச் சேற்றில் கால் வைக்கவே விட்டதில்லை. பாலிடெக்னிக் முடித்ததும் ஷார்ஜாவுக்குப் போனேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே சம்பளம் ஒரு நிலைக்கு வந்ததும் ஆளுக்கொரு பைத்தியம் பிடித்தது. எனக்குப் பிடித்தது கேமராப் பைத்தியம். வயல்காட்டில் பிறந்தவன் கொக்கை முதன்முதலாக உற்றுப் பார்த்தது முழங்கை நீள லென்ஸ் வழியாகத்தான். அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு விடுமுறையில், சம்பாவுக்குச் சேறடித்துப் போட்டிருந்த சமயம், நன்னிலம் போகிற சாலையில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். வயல் கொள்ளாத கொக்கு. நடுநடுவே மடையான், நத்தைகுத்தி நாரை. டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லி, கதவைக்கூடச் சாத்தாமல், வரப்பில் குந்திக் குந்திப் போனேன். எதிர் வரப்பில் தழைக்குவியல் ஒன்றின் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, இன்னும் தணிந்து உட்காரும்படி சைகை காட்டினார். பறவைகள்மேல் இத்தனை அக்கறை உள்ள மனிதர் நம் ஊரிலும் இருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கொக்கு மட்டும் இடம் மாறாமல் நின்றது. விட்டுவிட்டு இறக்கையை விரித்தது, மடக்கியது. எனக்காகவே போஸ் கொடுக்கிறது என்று நினைத்தேன். நான் கேமராவைச் சரிசெய்துகொள்ள எவ்வளவு நேரம் எடுத்தாலும் அது அங்கேயே நின்றது.

கூட்டத்தைப் படம் எடுப்பது சுலபம். அதிலிருந்து ஒரு பறவையைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. ஒன்றின் முதுகில் இன்னொன்றின் கழுத்து முளைத்திருக்கும். எந்தக் கால் எதனுடையது என்று தெரியாது. ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமைகளில் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினேன். வலது பக்கம் நெருக்கியடித்த கூட்டத்தை வெட்டினேன். இடது பக்கம் தழைக்குவியலை வெட்டினேன். கொக்கின் காலில் வைக்கோல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, அழித்தேன். கண்தான் பெரிய தலைவலியாக இருந்தது. எல்லாப் படத்திலும் அது மூடியே இருந்தது, மேலே சேறு வேறு. கண் தெரியாத பறவைப் படத்தை எவனும் மதிக்கமாட்டான். பக்கத்தில் நின்ற கொக்கும் அதே வெளிச்சத்தில் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணை எடுத்து இதற்கு வைத்தேன். கூட்டத்தில் எடுத்தால் இது ஒரு வசதி, உதிரி பாகம் பக்கத்திலேயே கிடைக்கும் என்று அறை நண்பரிடம் ஜோக் வேறு அடித்தேன்.

அங்கே நம்மவர்கள் நடத்திய கண்காட்சியில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அந்தக் கொக்கின் பார்வையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாக பிரின்ட் போட்டு ஊருக்கு அனுப்பினேன். மனைவி ஆள் வைத்துச் சட்டம் போட்டு, ஹாலில் எங்கள் கல்யாணப் படம் இருந்த இடத்தில் மாட்டினாள்.

அடுத்த விடுமுறையில் வந்திருந்தபோது, நான் அனுப்பியிருந்த பெரிய போட்டி ஒன்றிலிருந்து கேமராவில் பதிவான அசல் படத்தைக் கேட்டு மெயில் வந்தது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அதைத் தேடி எடுத்தேன். எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். முழுப் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது பார்வைக் கொக்குல்ல?" என்றாள்.

"பின்னே? அந்தப் பார்வைக்குத்தானே பரிசே குடுத்தாங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"அந்தப் பார்வை இல்லைங்க. கொக்கு புடிக்கிறவங்க கட்டி வைப்பாங்கள்ல, அது. கண்ணத் தச்சிருப்பாங்க. காலைப் பாருங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். வைக்கோல் இல்லை, கயிறு. அது சேற்றுக்குள் இறங்கி, தழைக்குவியல் இருந்த திசையில் போயிற்று. இமைகளுக்கு நடுவே நூல் ஓடியிருந்தது. நான் சேறு என்று நினைத்தது அந்தத் தையலைத்தான். மனைவி நன்னிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கொக்கு வாங்குவாராம். விற்க வந்தவரின் கூடையில் கண் தைத்த ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து அவள் அந்தக் கறியைத் தொட்டதில்லை. கயிற்றைச் சுண்டினால் அது இறக்கையை விரிக்கும், இங்கே இரை இருக்கிறது என்று மற்றவை நம்பி இறங்கும், சேற்றோடு சேறாக வலை கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஹாலில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அங்க இருக்கறது யாரு கண்ணு?"

திரையில் பக்கத்துக் கொக்கைத் தொட்டுக் காட்டினேன். அதன் காலடியில் வலையின் ஓரம் தெரிந்தது.

"நீங்க ஒரு ஹாரன் அடிச்சிருந்தாக்கூட மத்ததெல்லாம் பறந்திருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னாள். நான் கும்பிட்டதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

போட்டிக்காரர்களுக்கு, படத்தில் நிறையத் திருத்தம் செய்திருக்கிறேன், விலகிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். முகம் தெரியாதவர்களிடம் சொல்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஹால்தான் கஷ்டம். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். சொந்தம், பந்தம், ஷார்ஜா நண்பர்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும், ஏர் ஓட்டியவர் மகனுக்குக் கொக்குப் பொறி தெரியவில்லை என்று. மனைவி ஒரே ஒரு முறைதான் கழற்றச் சொன்னாள். நாளைக்கு என்றேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தை மட்டும் அவள் துடைப்பதும் இல்லை.

போன மாதம், நான் மறுபடி விடுமுறையில் வந்திருந்தபோது, உறவினர் ஒருவர் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று பத்திரிகை வைக்க வந்தார். நான் ஃபேன் பக்கம் நகர்வதற்குள் படத்தருகே போய் நின்றுவிட்டார்.

"கண்ணப் பாருங்களேன். அப்படியே நம்மளையே பாக்குது" என்றார்.

மனைவி காபியை மேசையில் வைத்தாள். "அது பக்கத்துக் கொக்கோட கண்ணுங்க" என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.