கட்டைத் துவக்கும் வெறும் பெட்டியும்

துவக்குக் கடையில் துவக்கு வெடித்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வெடித்ததெல்லாம் வந்தவர்களின் வாய்தான்.

அக்சல் என்ற முதியவரை நான் கடைசியாக உயிரோடு கண்டது அந்தக் கடை வாசலில். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மழைத் தூறலில், சைக்கிளில் ஏற மூச்சுப் போதாமல் அதை உருட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். வரும்போது கரியரில் இருந்த மரப்பெட்டி போகும்போது இல்லை. அந்தப் பெட்டியால் எனக்கு வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். அந்நிய தேசத்துக் கந்தோர்களில் படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்த பிறகும் ஏற இறங்கப் பார்க்கப்பட்டவர்கள் நீங்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

பேனைக்கு மட்டும் அனுமதி

எண்பதுகளின் நடுவில், வதிவிட அனுமதி கிடைத்த கையோடு, ஹேர்னிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டணத்தில், ஸ்வெண்ட் என்பவரின் வேட்டைச் சாமான் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். டேனிஷ் மொழியை ஓர் அகராதியையும் பழைய பத்திரிகைகளையும் வைத்து நானே படித்தேன். ஸ்வெண்டின் எழுத்தை ஸ்வெண்டாலேயே வாசிக்க முடியாது. என் எழுத்தோ அச்சு மாதிரி. அதனால் பதிவேடு எழுதுவதும் பொலிஸுக்குப் போகும் படிவங்களை நிரப்புவதும் என் பொறுப்பாயின. துவக்கைத் தொட எனக்கு அனுமதி இல்லை. விருப்பமும் இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி பரமேஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் இருந்த கையை எடுக்காமலே கேட்டாள்: "இஞ்சருங்கோ, துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தது, துவக்குக் கடையிலை பேரெழுதவோ?"

இரண்டு பக்கமும்

ஒரு வேட்டைக்காரர் திருத்துவதற்குத் துவக்கு கொண்டுவந்தார். பதிவதற்காக அதன் இலக்கத்தைக் கேட்டேன். பிள்ளையை அணைப்பதுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு மேலால் ஸ்வெண்டைப் பார்த்துச் சொன்னார்: "இவன் இலக்கத்தை எழுதி யாருக்கு அனுப்புகிறான்?" ஸ்வெண்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதே கிழமை எங்கள் ஆட்களின் பிறந்தநாள் வீடொன்றுக்குப் போனோம். பக்கத்தில் இருந்த ஒருவர் வடையைக் கடித்துக்கொண்டு, "அண்ணை, உங்கட கடையிலை நல்ல சாமான் வந்தா ஊருக்கு ஒண்டு அனுப்புவமே?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். என் தம்பியின் உயிரை எடுத்தது எந்தப் பக்கத்துத் துவக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார்: "பகிடிக்குச் சொன்னது அண்ணை, இதுக்குப் போய்க் கோவிக்கிறியளே!"

கை குலுக்கினால் விற்றது

அக்சலின் துவக்கு சாதாரணமானதல்ல. முன்னொரு காலம் குழல் வாயில் பனி அடைத்து வெடித்ததில், பழுதான பகுதியை அறுத்து எறிந்துவிட்டார். நீளக்குழல் என்றால் வேட்டை அட்டை இருந்தால் போதும். குழல் கட்டையானால் அதற்குப் பொலிஸின் தனி அனுமதி வேண்டும். விற்பதென்றாலும் முதலில் வாங்குபவருக்கு அனுமதி வரவேண்டும், பிறகுதான் பொருள் கை மாறலாம். அக்சலிடம் அனுமதி இருந்தது. ஆனால் இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தான் போன பின் அந்தக் கட்டைத் துவக்கும் அதன் சட்டமும் மனைவி இங்கரின் தலையில் விழக்கூடாது, உயிரோடிருக்கும்போதே ஒழுங்காக விற்றுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. விபோர்க்கில் பழைய துவக்குகள் சேர்ப்பவர் ஒருவர் வாங்க ஆயத்தமாக இருந்தார்.

படிவத்தை நிரப்பி, 'உரிமையாளர்' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டேன். அக்சல் பேனையைத் தள்ளிவிட்டார்.

"நான் உரிமையாளன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே விபோர்க்காரனோடு கை குலுக்கிவிட்டேன்."

"துவக்கு இப்போது எங்கே?"

"என் படுக்கையறையில்."

"அப்படியென்றால் உரிமையாளர் நீங்கள்தான்."

"நாற்பது வருடம் மாடு விற்றவன் நான். கை குலுக்கிய பிறகும் என் மாடு என்று சொல்பவனுக்கு இந்தப் பக்கத்தில் வேறு பெயர்."

மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் இதே வாதம். கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன்: அனுமதி வரும்வரை துவக்கு ஸ்வெண்டின் பெட்டகத்தில் இருக்கட்டும், நீங்களும் வைத்திருக்க வேண்டாம், அவரும் வைத்திருக்க வேண்டாம். அதற்குச் சம்மதித்து அந்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார். ஸ்வெண்ட் அதை எடுத்துப் பூட்டினார். நான் பதிவேட்டில் எழுதினேன். அக்சல் அதிலும் படிவத்திலும் கையெழுத்து வைத்துவிட்டு, "எங்கள் ஊரில் நம்பிக்கை இல்லாதவன்தான் கையெழுத்துக் கேட்பான்" என்று முறைத்தார். பிறகு வெல்வெட் பதித்த வெறும் பெட்டியை என் பக்கம் தள்ளி, "இதற்கும் அனுமதி வேண்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்படியென்றால் கொண்டுபோ. உன் மனைவி தையல் தொழிற்சாலையில்தானே வேலை? ஊசி நூல் வைக்கட்டும்."

ஊசிகளைத் தேடிய பொலிஸ்

அடுத்த புதன்கிழமை அக்சல் நித்திரையிலேயே போய்விட்டார். ஸ்வெண்ட் அந்தக் கிழமை கடையைப் பூட்டிவிட்டு நோர்வேக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். செத்த வீட்டுக்கு வந்த அக்சலின் மருமகன் படுக்கையறையைப் பார்த்தான்; துவக்கும் இல்லை, பெட்டியும் இல்லை. இங்கரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடையிலிருக்கும் கறுப்பனிடம்தான் அது போயிருக்கும் என்று பொலிஸுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டான்.

இரண்டு பொலிஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் வயதானவர், மற்றவர் இளையவர். பரமேஸை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். இந்த வதிவிட அனுமதி போனால் எங்களுக்குப் போக இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். சுவரோடு ஒட்டி நின்றாள். மேசையில் இருந்த பெட்டியைத் திறந்தார்கள். நூற்கட்டைகள், பித்தான்கள், ஊசிகள். வயதானவர் அவற்றை மேசையில் கொட்டி, துவக்கின் வடிவத்தில் குழிந்திருந்த வெல்வெட்டில் விரலை ஓட்டினார்.

"இது துவக்குப் பெட்டி. துவக்கு எங்கே?"

"உங்கள் கந்தோரில் கேளுங்கள். போன வெள்ளிக்கிழமை தபாலில் படிவம் அனுப்பினேன். அதில் எல்லாம் இருக்கிறது."

நம்பவில்லை. அயலவர்கள் யன்னல்களில் நிற்க, என்னைக் காரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டகத்தின் திறப்பை ஸ்வெண்ட் தன்னோடு கொண்டுபோயிருந்தார். கடைத் திறப்பு என் பையில் இருந்தது. பதிவேட்டை விரித்துக் காட்டினேன்: துவக்கின் இலக்கம், குழலின் நீளம், காவலில் வைத்தவர், அக்சலின் கோணல் கையெழுத்து. வயதானவர் தன் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டார். என் படிவம் அங்கே, யாரும் பிரிக்காத கடிதங்களோடு கிடந்தது.

மன்னிப்பா? அதை எதிர்பார்த்தது என் மடைத்தனம். என்னைத் திருப்பி வீட்டில் விடவுமில்லை, நடந்துதான் வந்தேன். காரில் ஏற முன் இளையவர் மட்டும் பதிவேட்டை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் எழுத்து மிகவும் அழகாக இருக்கிறது."

இங்கரின் வரிசை

சில கிழமைகளில் விபோர்க்காரருக்கு அனுமதி வந்தது. அக்சலின் உடைமைகளைப் பொறுப்பெடுத்த பத்திரத்தோடு இங்கரும் கடைக்கு வந்தார். மெலிந்த, குரல் உயர்த்தத் தெரியாத பெண். விபோர்க்காரர், "அக்சலோடு எல்லாம் பேசி முடித்ததுதானே" என்று சொல்லிக்கொண்டே அவரை நோக்கிக் கையை நீட்டினார். மருமகனும் பின்னால் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கர் தன் கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். என்னைக் கண்ணால் காட்டி, மருமகனுக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்: "முதலில் நடா எழுதட்டும். கை பிறகு."

இப்போது ஸ்வெண்டும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. இரண்டு பொலிஸ்காரர் கொட்டித் தேடிய பெட்டி மட்டும் என் மேசையில் இருக்கிறது, அதற்குள் இருப்பவை பரமேஸ் போன பிறகு யாரும் நூல் கோக்காத பதினொரு ஊசிகள்.